பிளாட்டினமும் 24 மணி நேர செக்-அவுட்டும்

இந்த உலகத்துல என்னை "பிளாட்டினம்"னு கூப்பிடுற ஒரே ஆளு ஒரு ஓட்டல் கம்பெனிதான். ஆபீஸ்ல நான் ஒரு "ரிசோர்ஸ்". பேங்க்ல "அன்புள்ள வாடிக்கையாளர்". வீட்டுல எங்கம்மா நல்ல மூடுல இருந்தா "தம்பி", இல்லைன்னா "அந்தப் பய". இப்படிப்பட்ட ஒருத்தனுக்குத் திடீர்னு ஒரு பதவி கிடைச்சா அதை வெச்சு என்ன செய்வான்? நான் சென்னைல ஒரு பழைய ஓட்டல்ல பதினஞ்சு ராத்திரி தங்கினேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம். டீ ஏதாவது எடுத்துட்டு வந்து உக்காருங்க மக்களே.

முதல்ல பதவி எப்படி வந்துச்சுன்னு சொல்லிடறேன். 2024 ஜனவரில பொட்டி தட்டுறதுக்காக என்னை மினியாபொலிஸ் அனுப்பினாங்க. போன புதுசுல நாலஞ்சு நாள் மைனஸ் இருபதுக்குக் கீழ போச்சு. உள்ளூர்க்காரங்க என்னடான்னா "இந்த வருஷம் குளிரே இல்லப்பா"ன்னு வருத்தப்பட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்த ஊர்ல ஒரு நல்ல ஏற்பாடு இருக்கு. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையில, முதல் மாடி உயரத்துல கண்ணாடிப் பாலம் கட்டி வெச்சிருக்காங்க. ஸ்கைவேன்னு பேரு. 1962-ல ஆரம்பிச்சது, இப்போ மொத்தம் ஒன்பது மைலுக்கு மேல ஓடுது. ஓட்டல்லேர்ந்து கெளம்பி ஆபீஸ் போய்ச் சேர்ற வரைக்கும் தலையில ஒரு பனித்துளி விழாது. காலைல பாலம், சாயந்திரம் பாலம், ராத்திரி மைக்ரோவேவ்ல சோறு. இப்படி 62 ராத்திரி. அதுக்கப்புறம்தான் நாலு பேரோட சேர்ந்து வீடு எடுத்துப் போனேன். அந்த 62 ராத்திரிக்கு ஓட்டல்காரன் குடுத்த சன்மானம்தான் பிளாட்டினமும், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் புள்ளியும்.

இந்தப் புள்ளி வியாபாரத்தை 1981-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெரிய அளவுல ஆரம்பிச்சு வெச்சது. ரெண்டே வருஷத்துல, 1983-ல, ஹாலிடே இன்னும் மாரியட்டும் ஓட்டலுக்குக் கொண்டு வந்துட்டாங்க. இதுல இருக்குற சூட்சுமம் ரொம்ப எளிமையானது. ஆபீஸ் வேலையா போறவனுக்கு ரூம் வாடகை குடுக்குறது கம்பெனி. எந்த ஓட்டல்னு முடிவு பண்றது அவன். காசு குடுக்குறவனை விட்டுட்டு, முடிவு பண்றவன் கையில ஒரு மிட்டாயைக் குடு. அவ்வளவுதான். நாப்பது வருஷத்துக்கு மேல ஓடுது.

மிட்டாய் என்ன தெரியுமா? காலைச் சாப்பாடு ஓசி. ரூம் காலியா இருந்தா பெரிய ரூம். பகல் 12 மணிக்குப் பதிலா 4 மணிக்குக் காலி பண்ணலாம். அப்புறம் வரவேற்பு மேஜைல தனி வரிசை, அதுல யாருமே நிக்கிறதில்லை, பொது வரிசைலயும் யாரும் நிக்கிறதில்லை. :-)

சரி, மேட்டருக்கு வர்றேன். 2025 ஜூலைல அப்பாவுக்கு மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு விருதுநகர்ல ஒரு டாக்டர்கிட்ட போனாங்க. அங்கேர்ந்து மதுரை. மதுரைல ஆஞ்சியோ பண்ணிப் பார்த்துட்டு மூணு அடைப்புன்னு சொல்லிட்டாங்க. பைபாஸ்தான், தள்ளிப் போட வேண்டாம்னாங்க. சென்னைல சித்தப்பாவுக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருந்தார். ஆகஸ்ட் 4-ம் தேதி அட்மிஷன், 6-ம் தேதி ஆபரேஷன். அறுத்த காயம் ஆறி, டாக்டர் ஒரு தடவை பார்த்து, ரயில்ல போகலாம்னு சொல்ற வரைக்கும் சென்னைலயே இருக்கணும். மொத்தம் ரெண்டு வாரம்னு கணக்கு.

எங்க தங்குறது? சித்தப்பா வீடு ஊரப்பாக்கம். அங்கேர்ந்து ஆயிரம் விளக்கு ஏரியாவுக்கு தினமும் ரெண்டு தடவை அம்மா போய் வரணும்னா அவங்களையும் அடுத்த பெட்ல படுக்க வைக்க வேண்டியதுதான். கிரீம்ஸ் ரோடு பக்கம் போயிருக்கீங்களா? வங்காளத்துல போர்டு எழுதின லாட்ஜும் மெஸ்ஸுமா இருக்கும். கொல்கத்தா, அசாம், வங்கதேசம்னு எங்கிருந்தெல்லாமோ வந்து மாசக்கணக்குல தங்கி வைத்தியம் பார்க்குறாங்க. நான் ரெண்டு லாட்ஜ் ஏறி இறங்கினேன். ஒண்ணுல மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை. இன்னொண்ணுல ரூம் பரவால்ல, ஆனா ஜன்னலைத் திறந்தா அடுத்த கட்டடத்துச் சுவர் மூக்குல இடிக்குது. நெஞ்சைப் பிளந்து தச்சுக் கூட்டிட்டு வர்ற மனுசனை இங்க எப்படி வெக்கிறது?

அப்பதான் புள்ளி ஞாபகம் வந்துச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆட்டோல பத்து நிமிஷத்துல அதே கம்பெனி போர்டு மாட்டின ஓட்டல் ஒண்ணு இருக்கு. பேரு வேண்டாம். ஒரு ராத்திரிக்கு 8,000 புள்ளி. அஞ்சு ராத்திரி சேர்ந்தாப்ல எடுத்தா நாலுக்குத்தான் புள்ளி எடுப்பாங்க. மூணு அஞ்சு பதினஞ்சு. பன்னெண்டு எட்டு தொண்ணூத்தாறு. 96,000 புள்ளி. கையில 1,10,000. புக் பண்ணிட்டேன்.

இங்கதான் வில்லங்கம் ஆரம்பிச்சது. என் அப்பா மின்வாரியத்துல 35 வருஷம் கணக்குப் பிரிவுல இருந்தவர். 2019-ல ரிட்டயர்டு. ஆபீஸ் பேனாவை வீட்டுக்கு எடுத்துட்டு வராத ஜாதி. ஆபீஸ் வேலையா அண்ணா சாலை தலைமை அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் திருவல்லிக்கேணில ஒரே லாட்ஜ்லதான் தங்குவார். போன பஸ் டிக்கெட், தங்கின ரசீது எல்லாத்தையும் குண்டூசில குத்தி பயணப்படி பில் போடுவார். அட்வான்ஸ்ல மிச்சம் பதினோரு ரூபா நாப்பது பைசா இருந்துச்சுன்னா அதை சலான் போட்டுத் திருப்பிக் கட்டிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். நான் சின்னப் பையனா இருக்கும்போது அந்த சலானோட கார்பன் காப்பியை எடுத்து ராக்கெட் விட்டு உதை வாங்கியிருக்கேன்.

அவர்கிட்ட போய் "ஓட்டல் ஃப்ரீப்பா"ன்னு சொல்லலாமா? சொல்லிட்டேன்.

"ஃப்ரீன்னா? யாரு குடுக்குறா?"

"அமெரிக்கால தங்கினேன்ல, அதுக்குக் குடுத்த புள்ளி."

"அங்க வாடகை யாரு கட்டினது?"

"ஆபீஸ்தான்."

"அப்ப புள்ளி ஆபீசுக்குத்தான சேரணும்? அதுல நாங்க எப்படித் தம்பி தங்குறது?"

நான் சொன்ன எந்த விளக்கமும் எடுபடலை. "எல்லாரும் இப்படித்தான்ப்பா"ன்னு ஒரு வார்த்தை விட்டேன், அதுக்கு ஒரு பார்வை பார்த்தார். லஞ்சம் வாங்கின ஒவ்வொருத்தனும் சொன்ன வசனம் அதுதான்னு அந்தப் பார்வைக்கு அர்த்தம். கடைசில "எழுத்துல இருக்கா?"ன்னு கேட்டார். இருந்துச்சு. கம்பெனி டிராவல் பாலிசி, பதினாலு பக்கம். அட்மிஷனுக்கு மொத நாள் ராத்திரி, ரெண்டு நாள்ல ஆபரேஷன் வெச்சுக்கிட்டு, மனுசன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு என் லேப்டாப்ல பதினாலு பக்கத்தையும் படிச்சார். ஒன்பதாம் பக்கத்துல, விமானம் மற்றும் ஓட்டல் திட்டங்களில் சேரும் புள்ளிகள் ஊழியருக்கே உரியவைன்னு தெளிவா ஒரு வரி. அதை ரெண்டு தடவை படிச்சுட்டு "அப்ப சரி"ன்னார்.

அந்தத் தெம்புல நானும் எனக்குத் தெரிஞ்ச பொது அறிவை எடுத்து விட்டேன். அமெரிக்காவுல மத்திய அரசு ஊழியர்களுக்கே ரொம்ப நாள் இந்த உரிமை கிடையாது, அரசாங்க வேலையா பறந்து சேர்த்த மைல் அரசாங்கத்துக்குத்தான் சொந்தம், 2001 கடைசிலதான் சட்டத்தை மாத்தி அவங்களே வெச்சுக்கலாம்னு சொன்னாங்கன்னு சொன்னேன். ஜெர்மனில 2002-ல இதே விஷயம் பெரிய ரகளையாச்சு, அரசு வேலைல சேர்ந்த மைலைச் சொந்தப் பயணத்துக்கு உபயோகப்படுத்தினதுக்காக கிரெகோர் கீசின்னு ஒருத்தர் பெர்லின் மாநில மந்திரி பதவியையே ராஜினாமா பண்ணினார்னு சொன்னேன்.

"சரியாத்தான் பண்ணியிருக்காரு"ன்னார் அப்பா. தேவையா எனக்கு?

இனி ஓட்டல். எண்பதுகள்ல கட்டின கட்டடம். உள்ள நுழைஞ்சதும் பித்தளையும் பழுப்பு மார்பிளும். ஏசி காத்துல பழைய கம்பளத்தோட வாசனை, அதுக்கு மேல எலுமிச்சைப் புல் வாசனை தெளிச்சு மூடப் பாத்திருக்காங்க. ரூமுக்குள்ள கட்டில் தலைமாட்டுல ஒரு பலகை, அதுல ரேடியோ சேனல் மாத்துற பட்டன் வரிசையா நாலு. நாலும் வேலை செய்யாது. ஆனா பட்டன் மட்டும் தினமும் யாரோ துடைச்சு பளபளன்னு வெச்சிருக்காங்க. கக்கூஸ்ல உக்கார்ற இடத்துக்குப் பக்கத்துல சுவத்துல ஒரு டெலிபோன். (யாருக்குங்க அவ்வளவு அவசரம்?) பிளக் பாயிண்ட் மேஜைக்குப் பின்னாடி, மண்டி போட்டுத் தவழ்ந்து போனாத்தான் சார்ஜர் சொருகலாம். தோல் அட்டை போட்ட ஃபைல்ல கடிதம் எழுதுற தாள், கவர். அம்மாவுக்கு அதுல ரொம்ப சந்தோஷம். அப்பாவோட மாத்திரை கணக்கு எல்லாம் அந்த ஓட்டல் பேரு போட்ட தாள்லதான் எழுதி வெச்சாங்க. இன்னும் ஒரு கட்டு ஊர்ல இருக்கு.

தாழ்வாரத்துல நடுவுல ஒரு ஷூ பாலிஷ் மெஷின். ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

இணையத்துல இந்த ஓட்டலைப் பத்தி எழுதினவங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தாங்க: பழசு. உண்மைதான். ஆனா ரெண்டு வாரம் இருந்து பார்த்ததுல எனக்கு ஒண்ணு தோணுச்சு. புதுசா கட்டுற ஓட்டல்ல ரூம் தீப்பெட்டி மாதிரி இருக்கும், கண்ணாடிச் சுவர் போட்ட பாத்ரூம் இருக்கும் (குடும்பத்தோட போறவன் எங்க போய் முட்டிக்கிறது?), லைட் அணைக்க தொடுதிரை இருக்கும். இடம்தான் இருக்காது. இங்க கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல சக்கர நாற்காலி தாராளமா திரும்புது. தாழ்வாரத்துல மூணு பேர் கைகோத்து நடக்கலாம். நிலத்துக்கு இந்த விலை வராத காலத்துல கட்டினது, தெரியும்.

முதல் பத்து நாள் பெருசா சொல்ல ஒண்ணும் இல்லை. ராத்திரி ஒருத்தர் ஆஸ்பத்திரி, ஒருத்தர் ஓட்டல், மாத்தி மாத்தி. ஆபரேஷன் அன்னைக்கு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி நாற்காலிலயே இருந்துட்டோம். புள்ளி குடுத்து வாங்குன ஒரு ராத்திரி ஆளே இல்லாம வீணாப் போச்சு. மறுநாள் காலைல ரூமுக்கு வந்தா, அம்மா குளிக்கக்கூட இல்லாம அந்த மெத்தையோட ஓரத்துல உக்காந்து, "இவ்ளோ பெரிய கட்டில்ல தூக்கமே வரமாட்டேங்குதுப்பா"ன்னு சொல்லிட்டு அப்படியே சாஞ்சு நாலு மணி நேரம் தூங்கினாங்க.

அப்பாவை 13-ம் தேதி டிஸ்சார்ஜ் பண்ணப் போறாங்கன்னதும் நான் வரவேற்பு மேஜைக்குப் போனேன். பிரச்சினை குளியல் தொட்டி. பிளாட்டினம்ங்கிறதால என்னை முதல் நாளே ஏழாவது மாடில "எக்ஸிகியூட்டிவ்" ரூமுக்கு ஏத்தி விட்டிருந்தாங்க. எக்ஸிகியூட்டிவ்னா அதிகப்படியா ரெண்டு காபி கோப்பை, அப்புறம் முழங்கால் உயரத்துக்கு ஒரு தொட்டி. அதுக்குள்ள ஏறி நின்னுதான் குளிக்கணும். கால்ல நரம்பு எடுத்த காயம், நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு, கையை ஊனி எந்திரிக்கக் கூடாது. இதுல எங்க தொட்டி ஏறுறது?

"சார், ரெண்டாவது மாடில மாற்றுத்திறனாளிகளுக்கான ரூம் ஒண்ணு இருக்கு. தொட்டி கிடையாது, கைப்பிடி உண்டு. ஆனா..."ன்னு அந்தப் பொண்ணு இழுத்துச்சு.

"ஆனா?"

"அது கீழ் கிளாஸ் ரூம் சார். நீங்க பிளாட்டினம்."

கம்ப்யூட்டர் ஒத்துக்க மாட்டேங்குதாம். பிளாட்டினம் ஆளை மேல ஏத்தலாம், அதே வகுப்புல வைக்கலாம். கீழ இறக்கணும்னா காரணம் போடணும், காரணப் பட்டியல்ல நாலே நாலு: ரூம் பழுது, ஓட்டல் நிறைஞ்சிடுச்சு, விருந்தினர் புகார், இன்னொண்ணு மறந்துட்டேன். "அவனே கேட்டான்"ங்கிற காரணம் பட்டியல்லயே இல்லை. இந்த மாதிரி பட்டியல்களை எழுதிப் பொழைக்கிறவன்ங்கிற முறையில எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எழுதினவன் நம்ம ஆளாத்தான் இருப்பான், மரியாதையைக் கூட்டலாம் குறைக்கக் கூடாதுன்னு விதி எழுதிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். கடைசில டூட்டி மேனேஜர் வந்து, ஏழாவது மாடி ரூம் ஏசி பழுதுன்னு போட்டு என்னை ரெண்டாவது மாடிக்கு இறக்கினார். நல்ல ஏசி, பாவம்.

அப்பா வந்தார். மெத்தை இன்னொரு தொல்லை. பழைய மெத்தை, உக்காந்தா பள்ளத்துக்குள்ள இறங்குற மாதிரி உள்வாங்குது. கையை ஊனாம எந்திரிக்கவே முடியல. ஹவுஸ்கீப்பிங்ல ஒருத்தர்கிட்ட சொன்னேன். அரைமணில ஒரு பிளைவுட் பலகையைத் தோள்ல வெச்சுக்கிட்டு வந்து மெத்தைக்கடியில சொருகிட்டார். முதுகுவலிக்காரங்களுக்காகன்னு எப்பவோ செஞ்சு வெச்சதாம். கூடவே குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். இதெல்லாம் பிளாட்டினம் சலுகைப் பட்டியல்ல எங்கயும் கிடையாது. நான் யாருன்னு அவர் கேக்கவும் இல்லை.

காலைச் சாப்பாட்டுல ஒரு கணக்குச் சிக்கல். ஓசி ரெண்டு பேருக்குத்தான். மூணாவது ஆளுக்கு வரியோட சேர்த்து ஆயிரத்துக்குப் பக்கத்துல. அம்மா உடனே "எனக்குக் காலைல பசிக்கிறதே இல்லப்பா"ன்னு ஆரம்பிச்சாங்க. வீட்டுல காலைல ஏழரைக்கெல்லாம் நாலு இட்லி சாப்பிடுற அம்மா. அப்பாவால லிஃப்ட் பிடிச்சுக் கீழ வர முடியாது, உப்பில்லாத சாப்பாடு வேற. சரி, நான் வெளில பார்த்துக்கறேன்னு நெனச்சேன். அங்க ஒரு பெரியவர் ஸ்டூவர்ட், முப்பது வருஷமா அங்கயே இருக்கார், விஷயத்தைக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல. மறுநாள் ஏழு மணிக்கு ரூம் கதவைத் தட்டி, மூடி போட்ட தட்டுல மூணு இட்லி, உப்பில்லாத பருப்பு, ஒரு கிண்ணம் பப்பாளி. "சாருக்கு. இது பில்லுல வராதும்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். கிளம்புற நாள் வரைக்கும் தினமும் வந்துச்சு. ஆகஸ்ட் 15 அன்னைக்கு மட்டும் இட்லி மூணும் மூணு கலர்ல வந்துச்சு, கேரட் போட்டு ஒண்ணு, வெள்ளையா ஒண்ணு, கீரை போட்டு ஒண்ணு. அப்பா அதைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் சிரிப்பை அடக்கினார். சிரிச்சா நெஞ்சு வலிக்கும், தலையணையை அணைச்சுக்கிட்டுத்தான் சிரிக்கணும், இருமணும். தலையணையை எடுங்கன்னு கையைக் காட்டிட்டுச் சிரிச்சார். ஆபரேஷனுக்கு அப்புறம் நான் பார்த்த முதல் சிரிப்பு.

அந்த ஸ்டூவர்ட் ஒருநாள் சொன்னார்: "நான் வந்தப்புறம் போர்டு மூணு தடவை மாறிடுச்சு சார். மூணு யூனிஃபார்ம் போட்டாச்சு. ஆளு நாங்க அதே ஆளுதான், சட்டைப் பையில இருக்குற எழுத்துதான் மாறும்."

இது நிறைய பேருக்குத் தெரியாத சங்கதி. மாரியட், ஹில்டன் மாதிரி பெரிய பேருங்க உலகம் முழுக்க போர்டு மாட்டியிருக்குற ஓட்டல்கள்ல ரொம்பக் கொஞ்சம்தான் அவங்களுக்குச் சொந்தம். கட்டடம் ஒரு உள்ளூர் முதலாளியோடது. பேரு, புக்கிங், புள்ளி இதுக்கெல்லாம் அவர் கம்பெனிக்குக் கட்டணம் கட்டுவார். நாம காசு குடுத்துத் தங்கி புள்ளி சேர்த்தா அந்தப் புள்ளிக்கு முதலாளி கம்பெனிக்குக் குடுக்கணும். நாம புள்ளில தங்கினா கம்பெனி முதலாளிக்கு ஏதோ ஒரு தொகை குடுக்கும், ஓட்டல் கிட்டத்தட்ட நிறைஞ்ச நாளைத் தவிர மத்த நாள்ல அது சாதாரண வாடகையை விட ரொம்பக் கம்மி. ஆக மினியாபொலிஸ்ல ஒரு முதலாளிகிட்ட நான் காட்டின "விசுவாசத்துக்கு" சென்னைல வேற ஒரு முதலாளி இட்லி போடுறார். டி.டி.கே. ரோட்டுல அடையாறு கேட் ஓட்டல் இருந்துச்சே, பார்க் ஷெரட்டன்னு கூட சென்னைக்காரங்க ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க, அப்புறம் அதே கட்டடம் கிரௌன் பிளாசா ஆச்சு. 2023 டிசம்பர்ல இழுத்து மூடிட்டாங்க. அங்க ஷெரட்டனுக்காகப் போனவன் எத்தனை பேர், அந்தக் கட்டடத்துக்காக, அந்த ஆளுங்களுக்காகப் போனவன் எத்தனை பேர்னு எந்தக் கார்டுலயும் கணக்கு இருக்காது.

அப்பாவுக்கு டாக்டர் சொன்ன முக்கியமான வைத்தியம் ரெண்டு. ஒண்ணு, மூணு பந்து போட்ட டப்பாவை உறிஞ்சுறது. ரெண்டாவது, நடக்கணும். முதல்ல அஞ்சு நிமிஷம், அப்புறம் பத்து, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. வெளில ஆகஸ்ட் வெயில், நடைபாதைல பைக். இந்தத் தாழ்வாரம்தான் அவருக்குக் கிடைச்ச மெரினா. கம்பளம் போட்ட தரை, வழுக்காது. ஏசி. கடைசில ஒரு ஜன்னல், அதுல ஒரு தூங்குமூஞ்சி மரம் தெரியும். முதல் நாள் ஷூ பாலிஷ் மெஷின் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டார். 31 அடி. எண்ணினது அவர்தான், ஓட்டல் தாள்ல எழுதினது அம்மா. மறுநாள் மெஷினைத் தாண்டி ஜன்னல் வரைக்கும், 68 அடி. அதுக்கடுத்த நாள் ரெண்டு நடை. அப்புறம் ஒருநாள் சாயந்திரம் யாருமே இல்லைன்னு நெனச்சுக்கிட்டு, அந்த மெஷின் பட்டனை அமுக்கி, ஹவாய் செருப்புக் காலை நீட்டி பிரஷ் சுத்துறதைப் பார்த்துட்டு நின்னார். நான் கதவுக்குப் பின்னாடியே நின்னுட்டேன். அறுபத்தி நாலு வயசுல ரப்பர் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கிட்ட ஒரே மனுசன் எங்கப்பாவாத்தான் இருக்கும்.

19-ம் தேதி ராத்திரி ரயில். முதல் நாள் டாக்டர் பார்த்துட்டுப் போகலாம்னு சொல்லிட்டார். பதினஞ்சு ராத்திரி முடிஞ்சுது. 12 மணிக்குக் காலி பண்ணணும், பிளாட்டினத்துக்கு 4 மணி. அப்பாகிட்ட கொஞ்சம் பெருமையாவே சொன்னேன், "எல்லாருக்கும் பன்னெண்டு மணிப்பா, நமக்கு மட்டும் நாலு."

"நாம உள்ள வந்தது எப்ப?"

"4-ம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு."

"அப்ப இன்னைக்கு ராத்திரி எட்டு வரைக்கும் இருக்கலாமே? திருவல்லிக்கேணில அப்படித்தான். வாசல்லயே போர்டு போட்டிருப்பான், 24 மணி நேர செக்-அவுட்னு. எப்ப வந்தியோ அப்பலேர்ந்து கணக்கு."

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. யோசிச்சுப் பாருங்க மக்களே. நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டு லாட்ஜ்ல, கார்டு இல்லாம, 62 ராத்திரி குளிர்ல தனியாக் கெடக்காம, உள்ள வர்ற ஒவ்வொருத்தனுக்கும் குடுக்குறதை, இங்க பாதி குடுத்துட்டு அதுக்கு பிளாட்டினம்னு பேரு வெச்சிருக்கான். பகல் 2 மணிக்கு உள்ள விட்டு மறுநாள் 12 மணிக்கு வெளில அனுப்பினா அது 22 மணி நேரம்தானே, நாள் கணக்கு எப்படி சரியாகும்னு அப்பா அடுத்த கேள்வி கேட்டார். ரூம் சுத்தம் பண்ணணும்லன்னேன். "லாட்ஜ்லயும் பண்றான்"னார். சுத்தம் பத்தி மட்டும் எனக்கு வேற அபிப்பிராயம் உண்டு, ஆனா வாயைத் திறக்கல.

கீழ போய் டூட்டி மேனேஜர்கிட்ட கேட்டேன். இதே மனுசன்தான் ஏசியைப் பழுதாக்கினவர். கம்ப்யூட்டர்ல 4 மணிக்கு மேல நீட்ட வழி இல்லை, அதுக்கு மேல அரை நாள் புள்ளின்னு ஒண்ணு கிடையாது. கொஞ்சம் யோசிச்சுட்டு, "இன்னைக்கு அந்த ரூமுக்கு ஆள் வரலை சார். நான் ஷிஃப்ட் முடிஞ்சு ஆறரைக்குத்தான் போவேன். நான் போறதுக்கு முன்னாடி சாவி குடுத்துடுங்க"ன்னார். ஆறு இருபதுக்கு இறங்கினோம்.

ஸ்டூவர்ட் பெரியவர் அன்னைக்கு லீவு. அம்மா அவருக்குன்னு ஒரு டப்பா சீவல் வாங்கி வெச்சிருந்தாங்க, அவர் வாய்ல எப்பவும் அது இருக்குறதைப் பார்த்து வெச்சிருக்காங்க. அதை வரவேற்பு மேஜைல குடுத்துட்டு, "இட்லி குடுத்த அண்ணன்கிட்ட"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. அந்தப் பொண்ணு அதை ஒரு ஓட்டல் கவர்ல போட்டு, மேல எழுதிச்சு. போய்ச் சேர்ந்துச்சான்னு தெரியாது.

கிளம்புற நேரத்துல அப்பா "பில் எங்க?"ன்னார். புள்ளில தங்கினதுக்கு பில் கிடையாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. "பூஜ்யம்னு போட்டாவது குடும்மா"ன்னு நின்னுட்டார். காருக்கு நேரமாச்சு, நான் நெளிஞ்சுக்கிட்டு இருக்கேன். அச்சடிச்சுக் குடுத்தாங்க. பதினஞ்சு வரி, பதினஞ்சுலயும் 0.00, கடைசில துணி துவைச்சதுக்கு 640 ரூபா, வரி தனி. கையெழுத்து, சீல் கேட்டு வாங்கினார்.

ரயில்ல கீழ் பெர்த்ல படுத்துக்கிட்டு அதை முழுக்கப் படிச்சார். அப்புறம் என்கிட்ட பேனா வாங்கி, பில்லுக்குப் பின்னாடி "புள்ளி 96,000 — தம்பி கணக்கு. பாலிசி பக்கம் 9"ன்னு எழுதி, மடிச்சு, ஆஸ்பத்திரி ஃபைலுக்குள்ள டிஸ்சார்ஜ் ரிப்போர்ட்டுக்கு அடுத்ததா வெச்சார். குண்டூசி இருக்கான்னு அம்மாகிட்ட கேட்டார். இருந்துச்சு.